மாமன்றக் கூட்டத்துக்குப் போகும் மாணவிக்கு

ஐயா, வணக்கம்.

அரசியல் அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சென்னை மாநகராட்சி மாமன்றக் கூட்டத்தை நேரில் பார்த்துப் பத்துப் பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். போன வருடம் போன சீனியர்கள், "ஒரே கூச்சல், எது எப்போது நிறைவேறியது என்றே புரியவில்லை" என்கிறார்கள். எப்படித் தயாராவது?

ஒரு மாணவி, திருவான்மியூர்

அன்புள்ள மாணவிக்கு,

அஜெண்டாவை, அதாவது கூட்டத்துக்கு வரும் தீர்மானங்களின் பட்டியலைப், படிக்காமல் போனால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். தீர்மானங்களை மன்றத்தில் முழுதாக வாசிக்க மாட்டார்கள். பல தீர்மானங்கள் சில நிமிடங்களில் 'ஆல் பாஸ்' ஆகிவிடும், அதாவது மொத்தமாக நிறைவேறிவிடும். கையில் தாள் இல்லாதவருக்கு அது வெறும் எண்.

முதலில் அனுமதி. துறைத் தலைவர் கையெழுத்தும் கல்லூரி முத்திரையும் உள்ள கடிதத்தோடு பெயர்ப் பட்டியல், அடையாள அட்டை நகல்களை இணைத்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் மன்றத் துறையில் கொடுங்கள். கூட்டம் பெரும்பாலும் மாதக் கடைசியில் வரும். ஆனால் தேதி தள்ளிப்போவது உண்டு. அதனால் 'அடுத்து நடக்கும் சாதாரணக் கூட்டம்' என்றே எழுதுங்கள். நான்கைந்து பேர் போதும். பட்ஜெட் நாள் வேண்டாம். கூட்டமும் அதிகம், அன்றாடப் பிரச்சினைகளும் பின்னுக்குப் போய்விடும். செல்போனில் பதிவு செய்யலாமா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். மறுத்தால் நோட்டுதான்.

உள்ளே கேள்வி நேரம், கவுன்சிலர்கள் தங்கள் பகுதிப் பிரச்சினைகளை எழுப்பும் நேரமில்லா நேரம், பிறகு தீர்மானங்கள். உங்கள் வேலை பெரும்பாலும் முதல் இரண்டில்தான். நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: வார்டு எண், பிரச்சினை, அது யார் பொறுப்பு, பதில் சொன்னவர் யார், தேதி ஏதும் சொன்னாரா. கடைசிக் கட்டம் பல இடங்களில் காலியாகவே இருக்கும். அதை அப்படியே விடுங்கள். உங்கள் அறிக்கையின் முக்கியமான தரவு அதுதான்.

மூன்றாவது கட்டத்தில்தான் மாணவர்கள் தவறுவார்கள். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் சென்னைக் குடிநீர் வாரியத்துடையவை. மின்விநியோகம் மின்வாரியத்துடையது, தெருவிளக்கு மாநகராட்சியுடையது. சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில். ஒரு கவுன்சிலர் 'வடிகாலில் சாக்கடை ஓடுகிறது' என்றால் அது இரண்டு துறைக்கும் நடுவில் விழுகிற பிரச்சினை: வடிகால் ஒருவருடையது, அதில் திருட்டுத்தனமாக இணைத்த கழிவுநீர் இன்னொருவர் கவனிக்க வேண்டியது. இப்படிப்பட்ட கேள்விக்கு வரும் பதிலை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொள்ளுங்கள். மேயரையோ ஆணையரையோ குறை சொல்லி எழுதுமுன் இந்த எல்லையைச் சரிபார்ப்பது நியாயம்.

கூட்டத்தை மட்டும் வைத்துப் பத்துப் பக்கம் எழுதினால் அது நேர்முக வர்ணனையாகத்தான் இருக்கும். ஒரு தீர்மானத்தையாவது தெரு வரைக்கும் தொடர வேண்டும். புதிய தீர்மானத்தை எடுக்காதீர்கள்; ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று அது நகர்வதற்குள் உங்கள் செமஸ்டர் முடிந்துவிடும். ஆறேழு மாதம் முன்பு நிறைவேறிய சாலைத் தீர்மானம் ஒன்றை எடுங்கள். தெருப் பெயர், நீளம், மதிப்பீட்டுத் தொகை மூன்றையும் குறித்துக்கொண்டு நேரில் நடந்து பாருங்கள். பழைய தாரை மில்லிங் செய்து சுரண்டிவிட்டுப் போட்டார்களா, அதன் மேலேயே போட்டார்களா? மேலேயே போட்டிருந்தால் சாலை உயர்ந்து வீட்டு வாசல் தாழும், மழைநீர் உள்ளே வரும். புதுச் சாலையில் குழாய் பதிக்கத் தோண்டிய ரோடு கட் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் இரண்டு துறைகள் பேசிக்கொள்ளவில்லை என்று பொருள்.

அந்தப் பணியின் பணி ஆணை நகலும், செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தின் நகலும் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். 'சாலை ஏன் மோசமாக இருக்கிறது' என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தின் பெயரைச் சொல்லி, தீர்மான எண்ணையும் நாளையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். இந்த மனுவை இன்றே அனுப்பிவிடுங்கள், கூட்டம் வரும்வரை காத்திருக்காமல்.

முடிந்தால் அடையாறு மண்டல அலுவலகத்தில் கேட்டு மண்டலக் குழுக் கூட்டத்துக்கும் அனுமதி வாங்குங்கள். 200 வார்டுகளைப் பல மண்டலங்களாகப் பிரித்திருப்பதால் அங்கே சில கவுன்சிலர்கள்தான். பேசுவது காதில் விழும், பொறியாளர்கள் எதிரிலேயே இருப்பார்கள். என்னைக் கேட்டால் மாமன்றத்தைவிட மண்டலத்தில்தான் ஒரு மாணவி அதிகம் கற்றுக்கொள்வார்.

வார்டுக்குள் ஒரு பகுதியின் வாக்காளர்கள் கூடும் பகுதி சபையையும் விடாதீர்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் அங்கே நீங்கள் பார்வையாளர் இல்லை, உறுப்பினர். எழுந்து கேட்கலாம்.