டெக்ஸ் வில்லர் வாசிக்கிற கொண்டக்டரை ஏன் போட்டம்?

கேள்வி: போன இதழில "இப்ப உங்கட கையில என்ன புத்தகம்?" எண்டு கேட்டு, வாசகர் எழுதினதுகளைப் போட்டிருந்தீங்கள். அதில பாதிப் பேர் கொமிக்ஸ், சித்திரக்கதை எண்டு எழுதியிருக்கினம். வளந்த ஆக்கள் படக்கதை பாக்கிறதைப் போடவோ இந்தப் பக்கம்? போனில வாசிக்கிறதும் ஒரு வாசிப்போ? எல்லாத்தையும் இழந்துபோட்டு நிக்கிற எங்கட சனத்துக்கு, வாசிக்கவேண்டிய நல்ல நூல் இதுகள்தான் எண்டு நீங்களே ஒரு பட்டியல் போட்டால் பிரயோசனமா இருக்குமெல்லோ?
- ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், விசுவமடு

பதில்: மாஸ்ரர், உங்கட கடிதம் ரெண்டு பக்கம், முத்து முத்தான எழுத்து, நான் ரெண்டு தரம் வாசிச்சன். எங்கட சனம் என்ன வாசிக்கோணும், எதைத் தொடக்கூடாது எண்டு எல்லாம் அதில இருக்கு. நீங்கள் இப்ப என்ன வாசிக்கிறீங்கள் எண்டு மட்டும் ஒரு வரியும் இல்லை. நாங்கள் கேட்டது அது ஒண்டைத்தான்.

முதல்ல அந்த கொண்டக்டர் தம்பியைப் பற்றிச் சொல்லிப்போட்டு வாறன், ஏனெண்டா உங்களுக்கு ஆகப் பிடிக்காமல் போனது அவர் எழுதினதுதான் எண்டு கடிதத்தில விளங்குது. பரந்தன் முல்லைத்தீவு றோட்டில ஓடுற பஸ்ஸில நிக்கிற பெடியன். பஸ் ஸ்ராண்டில முறைக்குக் காத்துக்கொண்டு நிக்கேக்க டெக்ஸ் வில்லர் வாசிக்கிறன் எண்டு எழுதினவர். எங்களிட்ட இடம் காணாமல் நாலு வரிதான் போட்டம், மிச்சத்தை வெட்டினது எங்கட பிழை, அதை இப்ப சொல்லுறன். டெக்ஸ் இத்தாலியில 1948இல தொடங்கின கதை, பொனெல்லி எழுதி கலெப்பினி கீறினது, இண்டைக்கும் வந்துகொண்டிருக்கு, தமிழில சிவகாசியில இருந்து லயன் கொமிக்ஸ் போடுது. அந்த டெக்ஸ் நவஹோ எண்ட செவ்விந்தியச் சனத்தோட சேந்து வாழுற ஆள், அவையள் அவருக்கு வைச்ச பேர் இரவுக் கழுகு. இந்தத் தம்பிக்கு அந்த நவஹோ எண்டது உண்மையான சனமோ, கதைக்கு உண்டாக்கினதோ எண்டு ஒரு கேள்வி வந்திருக்கு, தேடிப் பாத்திருக்கிறார். 1864இல அமெரிக்க ஆமி அவையளின்ர தோட்டங்களை எரிச்சு, பழமரங்களைத் தறிச்சு, ஆயிரக்கணக்கான சனத்தை நூற்றுக்கணக்கான மைல் நடத்திக் கொண்டுபோய் ஒரு வெட்டையில அடைச்சு வைச்சதையும், வழியில நடக்க ஏலாமல் விழுந்தவை விழுந்த இடத்திலயே போனதையும், நாலு வருசத்தால 1868இல ஒப்பந்தம் எழுதி அவையள் தங்கட சொந்த மண்ணுக்கே திரும்பினதையும் வாசிச்சிருக்கிறார். "ஐயா, 2009 சண்டையில எனக்குப் பத்து வயசு, மாத்தளன் கரையில அம்மாவின்ர சட்டையைப் பிடிச்சுக்கொண்டு நடந்தனான், நவஹோ நடந்ததை நான் அவையளின்ர சரித்திரம் எண்டு படிக்கேல்லை" எண்டு எழுதியிருந்தார். அந்த வரியைத்தான் நாங்கள் வெட்டிப்போட்டம். மாஸ்ரர், நீங்கள் எத்தினை வருசம் சரித்திரம் படிப்பிச்சீங்கள் எண்டு எனக்குத் தெரியாது, ஆனா ஒரு பிள்ளை தானாத் தேடிப்போய் இப்பிடி ஒண்டைப் படிச்சுக்கொண்டு வந்து நிண்டால் அதைவிட ஒரு வாத்தியாருக்கு வேற என்ன வேணும்?

"படக்கதை பாக்கிறது" எண்டு எழுதியிருக்கிறீங்கள். பாக்கிறது எண்ட சொல்லை வேணுமெண்டுதான் போட்டிருக்கிறீங்கள், வாசிக்கிறது எண்டு சொல்ல உங்களுக்கு மனம் வரேல்லை. நான் சொல்லுறன், நான் எழுத்துக்கூட்டி வாசிச்சுப் பழகினதே அதிலதான். 1972இல முத்து கொமிக்ஸ் தொடங்கேக்க முதல் வந்தது இரும்புக்கை மாயாவி, அதின்ர பழைய பிரதி ஒண்டு எங்கட வீட்டில அட்டை இல்லாமல் கிடந்தது. தொண்ணூறுகளில வன்னிக்குள்ள கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி, ஜாம் போத்தலுக்குள்ள எப்பன் எண்ணெய் விட்டுத் திரி போட்டுக் கொளுத்தின விளக்கைச் சுத்தி அஞ்சாறு பிள்ளையள் படுத்துக்கிடந்து நான் வாசிக்க வாசிக்கக் கேக்குங்கள். மாயாவிக்கு மின்சாரம் பாஞ்சால் ஆள் மறைஞ்சுபோவார், இரும்புக்கை மட்டும்தான் தெரியும். ஒருநாள் எங்கட சின்னம்மாவின்ர மகள் கேட்டாள், "அண்ணை, அப்ப அவர் எங்கட ஊருக்கு வந்தா எப்பிடி மறைவார், இஞ்ச கரண்ட் இல்லையே?" எண்டு. நாங்கள் ஒருத்தரும் அதுவரைக்கும் அதை யோசிக்கேல்லை. அண்டைக்கு இரவு முழுக்க அதுதான் கதை, டைனமோவால வருவார், பற்றியால வருவார் எண்டு ஆளுக்கொண்டு, பற்றியும் தடை எண்டு ஒருத்தன் சொல்ல, அப்ப மின்னலுக்குக் காத்திருப்பார் எண்டு முடிச்சம். ஏழு வயசுப் பிள்ளை ஒரு கதைக்குள்ள நிண்டுகொண்டு தன்ர ஊரைத் திரும்பிப் பாத்துக் கேட்ட கேள்வி அது. அதை வாசிப்பு இல்லை எண்டு ஆர் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டன்.

இழப்பைப் பற்றி எழுதியிருக்கிறீங்கள், அது உங்களுக்கும் எனக்கும் பொது. யாழ்ப்பாணத்து நூலகத்தில 1981இல எரிஞ்ச 97,000 புத்தகத்தைப் பற்றி எல்லாரும் கதைக்கிறம், கதைக்கவும் வேணும். வன்னியில வீட்டுக்கு வீடு போன புத்தகத்தை ஆரும் எண்ணினதில்லை. நான் 2008 கடைசியில கிளிநொச்சியை விட்டு வெளிக்கிடேக்க ஒரு தகரப்பெட்டிக்குள்ள எழுபது எண்பது புத்தகத்தைப் பொலித்தீனால சுத்தி, பின்வளவு மாமரத்தடியில தாட்டுப்போட்டுப் போனன். 2010இல வந்து கிண்டினால் பெட்டி இருந்தது, உள்ளுக்குத் தண்ணி போய்ப் புத்தகம் எல்லாம் ஒரே கட்டியா ஒட்டி, கறையான் பாதி, பிரிச்சால் களி மாதிரி கையோட வந்தது. அதுக்குள்ள நல்ல நூலும் இருந்தது, கொமிக்ஸும் இருந்தது, கறையானுக்கு ரெண்டும் ஒண்டுதான். அதுக்கிடையில மெனிக் பாம் அகதி முகாம் கூடாரத்தில எங்களிட்ட இருந்தது ஆரோ கொண்டுவந்த ஒரு சித்திரக்கதை, முன்னுக்கு நாலு பக்கமும் இல்லை பின்னுக்கு நாலு பக்கமும் இல்லை, அது கூடாரம் கூடாரமா எத்தினை பேரின்ர கைக்குப் போனது எண்டு சொல்ல ஏலாது. முடிவு இல்லாதபடியால் பிள்ளையள் ஒவ்வொண்டும் ஒவ்வொரு முடிவு சொல்லுங்கள். ஒரு பெடியனின்ர முடிவில எப்பவும் எல்லாரும் வீட்டை போய்ச் சேருவினம்.

அதுக்குப் பிறகு எனக்கு ஒருத்தரின்ர கையில இருக்கிற புத்தகத்தைக் குறைச்சுச் சொல்ல வாய் வரேல்லை மாஸ்ரர்.

இனி பட்டியல். ரெண்டு வருசத்துக்கு முந்தி நாங்களும் போட்டம், வாசிக்கவேண்டிய அம்பது நூல் எண்டு, முழுப் பக்கம், நானே இருந்து தெரிஞ்செடுத்தது. ஒரு கடிதம் வரேல்லை, ஒருத்தர் போன் பண்ணேல்லை. போன இதழில மல்லாவியில இருந்து ஒரு அக்கா, தான் "நிலக்கிளி" வாசிக்கிறன், போட்டோக்கொப்பிதான் கிடைச்சது, எங்கட தண்ணிமுறிப்புக் காட்டை இப்பிடி ஒருத்தர் எழுதியிருக்கிறார் எண்டு இவ்வளவு காலமும் தெரியாமல் இருந்திட்டனே எண்டு மூண்டு வரி எழுதினா. அந்த மூண்டு வரிக்குப் பதினொரு பேர் போன் எடுத்தவை, எங்க எடுக்கலாம், கொப்பி அடிச்சுத் தருவீங்களோ எண்டு. அ. பாலமனோகரன் எழுதி 1973இல வீரகேசரி பிரசுரமா வந்த நாவல் அது, என்ர அம்பதிலயும் இருந்தது, அங்க அதை ஒருத்தரும் கவனிக்கேல்லை. 1984இல தண்ணிமுறிப்புப் பக்கத்தில இருந்து இடம்பெயர்ந்த குடும்பத்து ஆள் ஒருத்தர் போன் எடுத்து, "அதில எங்கட குளம் வருதோ?" எண்டு கேட்டவர். பட்டியலைப் பாத்து ஆரும் இப்பிடிக் கேக்க மாட்டினம். பக்கத்து வீட்டு ஆள் ஒண்டை வாசிக்கிறா, அதில தன்ர மனம் பட்டதைச் சொல்லுறா எண்டு கண்டால்தான் மற்றவைக்கும் ஆசை வரும். நீங்கள் கேக்கிற நல்ல நூல் சனத்திட்டப் போய்ச் சேருற வழியும் அதுதான், எனக்கு வேற வழி தெரியேல்லை.

சித்திரக்கதை எண்டா சின்னப்பிள்ளையளின்ர சாமான் எண்ட நினைப்பையும் ஒருக்கா விடுங்கோ. யூதரைக் கொண்டுபோய் அடைச்ச முகாமில தன்ர தகப்பன் பட்டதை எலியும் பூனையுமா ஆர்ட் ஸ்பீகல்மன் கீறினார், அதுக்கு 1992இல புலிட்சர் சிறப்புப் பரிசு குடுத்தவை. ஈரானில தான் சின்னப் பெட்டையா இருந்து கண்டதை மர்ஜானே சத்ரபி கறுப்பு வெள்ளையில கீறினது தமிழிலயும் வந்திருக்கு. இதெல்லாம் வெளிநாட்டுக் கதை எண்டு சொல்லுவீங்கள், அப்ப எங்கட கதைக்கு வாறன். 2008 செப்ரெம்பரில ஐ.நா. ஆக்கள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிடேக்க, எங்களை விட்டுப்போட்டுப் போகாதேங்கோ எண்டு சனம் வாசலில நிண்டது உங்களுக்கு மறந்திருக்காது. அந்த நேரம் இஞ்ச ஐ.நா.வில வேலை செய்த பெஞ்சமின் டிக்ஸ், பிறகு தப்பின சனத்தோட இருந்து கேட்டதுகளை வைச்சு எழுதி, லின்ட்சி பொலொக் படம் கீறி, 2019இல இங்கிலிசில ஒரு புத்தகம் வந்தது. அதின்ர பேரே "வன்னி". முழுக்கச் சித்திரக்கதை. சுனாமியில தொடங்கி, ஒவ்வொரு இடமா எழும்பி எழும்பிக் கடற்கரை மட்டும் போன ஒரு குடும்பத்தின்ர கதை. பங்கருக்குள்ள குந்திக்கொண்டிருக்கிற ஆச்சியின்ர முகத்தைக் கீறிக் காட்டேக்க அதுக்குக் கீழ எழுத்துத் தேவையில்லை. உங்கட பேரப்பிள்ளை கனடாவில தமிழ் வாசிக்கத் தெரியாமல் வளருது எண்டு கவலைப்பட்டு எழுதியிருக்கிறீங்களே, அந்தப் பிள்ளைக்கு நீங்கள் பட்டதைச் சொல்லுறதுக்கு இதைவிட லேசான ஒரு வழி இருந்தால் எனக்குச் சொல்லுங்கோ.

போனில வாசிக்கிறதைப் பற்றிக் கனக்கச் சொல்ல இல்லை. இந்தியாவில நூறு ரூபாப் புத்தகம் எங்கட காசில முந்நூற்றைம்பது மட்டில நிக்குது, அதுக்கு மேல கடைக்காரரும் வைக்கோணும், கூலிக்குப் போற வீட்டில ஆர் வாங்கிறது? 2005இல தொடங்கின "நூலகம்" எண்ட இணையத்தளத்தில எங்கட பழைய நூலும் சஞ்சிகையும் ஆயிரக்கணக்கில சும்மா கிடக்கு, உயர்தரம் படிக்கிற பெட்டை அதை இறக்கி இரவில வாசிக்கிறாள் எண்டால், ஜாம் போத்தல் வெளிச்சத்தில வாசிச்ச நான் அவளைப் பிழை சொல்லுவனோ?

ஒண்டில நீங்கள் சரி. எழுதினவை என்ன வாசிக்கினம் எண்டு போட்டம், அந்தப் புத்தகம் எங்க கிடைக்கும் எண்டு போடேல்லை. அதை இந்த இதழில இருந்து சேக்கிறம். கொமிக்ஸ் வைச்சிருக்கிற ரெண்டு வாசிகசாலையின்ர விபரம் கடைசிப் பக்கத்தில இருக்கு, கொண்டக்டர் தம்பியும் தன்னிட்டக் கிடக்கிறதை இரவல் தரலாம் எண்டு சொல்லியிருக்கிறார், அட்டையை மடிக்காமல் திருப்பிக் குடுத்தால் சரி.

நான் இப்ப திரும்ப வாசிக்கிறது தாமரைச்செல்வியின்ர "பச்சை வயல் கனவு", கிளிநொச்சியில காடு வெட்டிக் குடியேறின ஆக்களின்ர நாவல், முதல் தரம் அவசரத்தில வாசிச்சதில கன இடம் தவறவிட்டிருக்கிறன் எண்டு இப்ப விளங்குது. தலைமாட்டில ஒரு டெக்ஸும் கிடக்கு, பாதியில நிக்குது. அடுத்த இதழில உங்களுக்கு எட்டு வரிக்கு இடம் விட்டு வைக்கிறன் மாஸ்ரர், ஒரு சொல்லும் வெட்ட மாட்டம். 20ஆம் திகதிக்கு முதல் கிடைக்கிற மாதிரி அனுப்புங்கோ: புத்தகத்தின்ர பேர், எத்தினையாம் பக்கத்தில நிக்கிறீங்கள், அந்தப் பக்கத்தில என்ன நடக்குது.