எத்தனை 'லே' போடலாம்?

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம், வேலை சென்னையில். ஊர்ப் பேச்சிலேயே ஒரு கதை எழுதி இரண்டு பேருக்குக் காட்டினேன். சென்னை நண்பர் பாதி புரியவில்லை என்றார். நம் ஊர்க்காரரோ, சினிமாவில் நெல்லைத் தமிழ் பேசுவது மாதிரி இருக்கிறது என்கிறார். வட்டார வழக்கை எவ்வளவுதான் சேர்ப்பது? கதையை இணைத்திருக்கிறேன். (பெயர் வேண்டாம்.)

தம்பிக்கு,

படித்தேன். நாலு பக்கத்தில் 31 'லே'. எண்ணிவிட்டேன், கோவிக்க வேண்டாம். அதில் ஒன்றை மகன் அப்பாவைப் பார்த்துச் சொல்கிறான். நம் பக்கத்தில் அப்படிச் சொன்னவனுக்கு அன்றைக்கு ராத்திரி சோறு கிடைக்குமா?

ஊர்க்காரர் சொன்னதுதான் சரி. 'லே' வெளியூர்க்காரன் காதில் விழுகிற நெல்லைத் தமிழ். ஊருக்குள் இருப்பவனுக்கு விஷயம் வினைமுற்றில் இருக்கிறது. எங்கள் ஆச்சி, தாத்தாவைப் பற்றிப் பேசினால் எப்போதும் மரியாதையாக 'வந்தாவ', 'சொன்னாவ'தான். வயலை விற்ற அன்று மட்டும், "உங்க தாத்தா வந்தாரு, கையெழுத்துப் போட்டாரு" என்றாள். வேறு ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த நாங்கள் தலை நிமிரவில்லை. அந்த 'ரு' குத்த வேண்டுமென்றால், அதற்கு முன்னால் நாலு இடத்திலாவது 'வந்தாவ' வந்திருக்க வேண்டும், சத்தமில்லாமல்.

இன்னொன்று. உங்கள் அம்பாசமுத்திரத்துப் பெரியவர் 'வந்தாக, போனாக' என்கிறார். அது கரிசல் பக்கத்துப் பேச்சு. எழுத்தாளர் கி.ரா.வின் கரிசல் ஊரான இடைசெவல் 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பேச்சு வேறு, நம் தாமிரபரணி ஆற்றங்கரைப் பேச்சு வேறு. படித்ததில் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. உங்கள் அம்மாவிடம் போனில் பத்து நிமிஷம் பேசிவிட்டு அப்புறம் திருத்துங்கள்.

சென்னை நண்பருக்காக அடைப்புக்குறிக்குள் அர்த்தம் எழுதாதீர்கள். தேங்காய்ப் பால் பிழிந்த கையோடு ஒருத்தி அடுப்படியிலிருந்து வந்தால், சொதி என்னவென்று அவருக்கே விளங்கிவிடும். விளங்காவிட்டாலும் குடி முழுகாது. கதை சொல்கிற குரல் பொதுத்தமிழில் இருக்கட்டும். பேச்சில் மட்டும் ஊர் வந்தால் போதும்.

முதலில் 25 'லே'யை எடுத்துவிடுங்கள். மூன்றாம் பக்கத்தில், ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் அண்ணனும் தம்பியும் பிரிகிறார்களே, "பாத்துப் போலே" என்று, அந்த ஒன்றில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.