விழுந்தது பக்கமா, உலாவியா, டேப்லெட்டா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை "உலாவி அடிக்கடி மூடிக்கொள்கிறது" என்ற ஒரே வரியில் நின்றுவிடுகின்றன. அந்த ஒரு வரிக்குள் மூன்று வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. திறந்திருந்த பக்கம் மட்டும் வெறுமையாகி மற்றவை அப்படியே இருக்கலாம். உலாவி முழுவதும் மறைந்து முகப்புத் திரை வந்து நிற்கலாம். அல்லது டேப்லெட்டே அணைந்து மறுபடி உயிர்பெறலாம். இவற்றில் எது நடந்தது என்று ஒருமுறை கவனித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கவனிக்காமல் அமைப்புகளில் கண்ணில் பட்டதையெல்லாம் அழிப்பவர்கள் கோளாற்றை வைத்துக்கொண்டு கடவுச்சொற்களை இழக்கிறார்கள். பேச்சு வழக்கில் சாதனத்தையும் 'டேப்' என்கிறோம், உலாவிக்குள் திறக்கும் பக்கத்தையும் 'டேப்' என்கிறோம் என்பதால், குழப்பம் வராமல் இருக்க இங்கே சாதனத்தை டேப்லெட் என்றும், மற்றதைத் தாவல் என்றும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: என் டேப்லெட்டில் 64 ஜிபி இடம் உள்ளது, அதில் பாதிக்கு மேல் காலியாகவே இருக்கிறது. அப்படியிருந்தும் படங்கள் நிறைந்த தளங்களைத் திறந்தால் சிறிது நேரத்தில் உலாவி மறைந்துவிடுவது ஏன்?

நீங்கள் சொல்லும் 64 ஜிபி என்பது சேமிப்பகம். படங்களும் செயலிகளும் அணைத்த பின்னும் தங்கியிருக்கும் இடம் அது. உலாவி தன் வேலையைச் செய்வது ரேம் எனப்படும் தற்காலிக நினைவகத்தில். விலை குறைந்த, அல்லது சில ஆண்டுகள் பழைய டேப்லெட்டுகளில் அது 2 அல்லது 3 ஜிபி மட்டுமே இருக்கும், அதிலும் கணிசமான பங்கை இயங்குதளமே எடுத்துக்கொள்ளும். சேமிப்பகம் எவ்வளவு காலியாக இருந்தாலும் அது இந்த நினைவகத்தின் பற்றாக்குறையைத் தீர்க்காது.

படங்கள் ஏன் இவ்வளவு சுமை என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். அகலத்தில் 4000, உயரத்தில் 3000 புள்ளிகள் கொண்ட ஒரு புகைப்படம், சுருக்கப்பட்ட கோப்பாக 3 மெகாபைட் அளவில் வந்து இறங்கலாம். ஆனால் திரையில் வரைவதற்காக அதை முழு அளவில் விரித்தால் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகளுக்கும் தலா 4 பைட் வீதம் ஏறத்தாழ 48 மெகாபைட் தேவைப்படும். அப்படிப்பட்ட பத்துப் படங்களும், தானாக ஓடும் இரண்டு காணொளி விளம்பரங்களும் உள்ள ஒரு பக்கத்தில் நீங்கள் கீழே இறங்க இறங்கச் சுமை ஏறிக்கொண்டே போகிறது. நினைவகம் தீரும் நிலையில் ஆண்ட்ராய்டும் ஐபேடும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன: யாருக்கும் சொல்லாமல் ஏதாவது ஒரு செயலியை நிறுத்தி இடம் மீட்கின்றன. முதலில் பின்னணியில் உள்ளவை பலியாகும். அவை தீர்ந்த பிறகு, கண்முன் இருக்கும் உலாவியின் முறை வரும். ஆகவே உங்கள் உலாவி பெரும்பாலும் பழுதானதால் விழவில்லை, நிறுத்தப்பட்டதால்தான் மறைகிறது.

செய்ய வேண்டியவை எளியவை. பயன்படுத்தாத தாவல்களை மூடுங்கள். ஆண்ட்ராய்டு குரோமில் தாவல்களின் எண்ணிக்கை நூறை எட்டியதும் எண்ணுக்குப் பதிலாக ஒரு சிரிப்புக் குறி தோன்றும். அதைக் கண்டவர்கள் என்னோடு சேர்ந்து கொஞ்சம் வெட்கப்படலாம். பின்னணித் தாவல்கள் எல்லாமே முழு நினைவகத்தைப் பிடித்திருப்பதில்லை என்றாலும், அண்மையில் பார்த்தவை பிடித்திருக்கும். விளையாட்டு, காணொளித் தொகுப்பு போன்ற கனமான செயலிகளை உலாவும் நேரத்தில் திறந்து வைக்காதீர்கள். திரையை இரண்டாகப் பிரித்து இரு செயலிகளை ஒருசேர ஓட்டும் பழக்கம் இருந்தால், குறைந்த நினைவகமுள்ள டேப்லெட்டில் அதைக் கைவிடுவது நல்லது. வாரக்கணக்கில் அணைக்காமலே இருக்கும் டேப்லெட்டை ஒருமுறை முழுமையாக அணைத்து இயக்குவதும் உண்மையாகவே பயன் தரும்.

கேள்வி: நினைவகத்தைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் செயலிகளை நிறுவலாமா?

வேண்டாம். நினைவகத்தை நிர்வகிக்கும் வேலையை இயங்குதளமே செய்கிறது. சுத்தம் செய்ய வந்த செயலியும் அதே நினைவகத்தில்தான் உட்கார வேண்டும். அது நிறுத்திய செயலிகளில் பல, சில நொடிகளில் தாமாகவே மீண்டும் எழுந்து, முன்பைவிடக் கூடுதல் வேலையை உண்டாக்கும்.

கேள்வி: இணையவழி விண்ணப்பம் ஒன்றை நிரப்பும்போது, புகைப்படம் இணைக்கும் கட்டத்தில் கேமரா திறக்கிறது. படம் எடுத்துத் திரும்பினால் பக்கம் மறுபடி முதலிலிருந்து ஏற்றப்பட்டு, நிரப்பியதெல்லாம் காணாமல் போகிறது. நான்கு முறை இப்படி ஆகிவிட்டது. தளத்தின் பிழையா?

தளத்தின் மீது பழி போடுவதற்கு முன் நடந்ததைப் பாருங்கள். கேமரா செயலி டேப்லெட்டில் மிக அதிக நினைவகம் கேட்பவற்றுள் ஒன்று. அது முன்னுக்கு வந்த கணமே உங்கள் உலாவி பின்னணிக்குப் போய்விடுகிறது; இடம் போதாதபோது பின்னணியில் இருப்பதுதான் முதலில் நிறுத்தப்படும் என்று மேலே சொன்னேன். நீங்கள் படம் எடுத்துத் திரும்பும்போது உலாவி புதிதாகப் பிறந்து, அந்த முகவரியை மட்டும் நினைவில் வைத்துப் பக்கத்தை மறுபடி வரவழைக்கிறது. நிரப்பியவை அதனுடன் திரும்பி வருவதற்கு உத்தரவாதம் இல்லை.

இதற்குத் தீர்வு, வரிசையை மாற்றுவதுதான். தேவையான புகைப்படங்களையும் ஆவணங்களின் படங்களையும் முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேமரா செயலியை அண்மைச் செயலிகளின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு உலாவிக்கு வாருங்கள். இணைக்கும் இடத்தில் 'படம் எடு' என்பதைத் தேர்ந்தெடுக்காமல் கோப்புகளிலிருந்தோ படத்தொகுப்பிலிருந்தோ தேர்ந்தெடுங்கள். நீண்ட விடைகளைக் குறிப்புச் செயலியில் எழுதி நகலெடுத்து ஒட்டுவது பழங்காலத்து எச்சரிக்கையாகத் தோன்றலாம், ஆனால் ஐந்தாவது முறை தட்டச்சு செய்வதைவிட அது மேல். கடவு எண் குறுஞ்செய்தியில் வரும் பக்கங்களிலும் இதே ஆபத்து உண்டு. அந்த எண்ணை இயன்றவரை அறிவிப்புப் பட்டையிலேயே படித்துக்கொள்ளுங்கள், செய்திச் செயலிக்குப் போய் வராதீர்கள்.

ஆண்ட்ராய்டு பயன்படுத்துவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். யாரோ சொல்லி, செயலி உருவாக்குவோருக்கான டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற மறைவான அமைப்புப் பகுதியைத் திறந்து, வேறு செயலிக்கு நகர்ந்ததும் முந்தைய திரையை அழித்துவிடும் விருப்பத்தையோ, பின்னணிச் செயலிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கும் விருப்பத்தையோ இயக்கியிருந்தால், போதிய நினைவகம் இருந்தாலும் இதே போன்ற தொல்லை வரும். அந்தப் பகுதியை முழுவதுமாக அணைத்துவிட்டு மறுபடி முயன்று பாருங்கள்.

கேள்வி: ஐபேடில் ஒரே ஒரு தளம் மட்டும் திறப்பதில்லை. இந்த முகவரியில் மீண்டும் மீண்டும் சிக்கல் ஏற்பட்டது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் வருகிறது. உலாவியை மாற்றினால் சரியாகுமா?

நீங்கள் பார்ப்பது பக்கத்தின் வீழ்ச்சி, உலாவியின் வீழ்ச்சி அல்ல. 2008இல் குரோம் வெளிவந்தபோதே ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனிச் செயல்முறையாக, அதாவது ஒன்றையொன்று சாராமல் ஓடும் தனி நிரலைப் போல, ஓட்டும் அமைப்பு அதில் இருந்தது. இன்று முக்கிய உலாவிகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் அதைப் பின்பற்றுகின்றன. அதனால் ஒரு பக்கம் இடறி விழுந்தால் அதன் தாவலில் ஒரு வாசகம் தோன்றுகிறது, மற்ற தாவல்கள் தப்பிக்கின்றன. சஃபாரி ஒருமுறை தானாகவே பக்கத்தை மறுபடி ஏற்றிப் பார்க்கும். அப்போதும் விழுந்தால்தான் நீங்கள் சொல்லும் வாசகத்தைக் காட்டும்.

அந்தத் தளத்தை முதலில், சேமித்துவைத்த பழைய தரவைப் பயன்படுத்தாத பிரைவேட் தாவலில் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால், பெரும்பாலும் பழைய தரவுதான் இடையூறு. சஃபாரியின் அமைப்புகளில் அட்வான்ஸ்டு என்ற பகுதிக்குள் இணையதளத் தரவுகள் தளவாரியாக இருக்கும். அதில் அந்த ஒரு தளத்துக்கு உரியதை மட்டும் நீக்கினால் போதும். பிரைவேட் தாவலிலும் விழுந்தால், விளம்பரத் தடுப்பு போன்ற நீட்சிகளை அணைத்துப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் பக்கமே உங்கள் ஐபேடின் சக்திக்கு மீறியது, அல்லது பிழையுள்ளது.

உலாவியை மாற்றுவதால் ஐபேடில் பெரிய வேறுபாடு வருவது அரிது. அங்கே குரோம், ஃபயர்ஃபாக்ஸ் என்று பெயர் எதுவாக இருந்தாலும், மிகச் சில விலக்குகள் தவிர, உள்ளே ஓடுவது சஃபாரியின் அதே வெப்கிட் எந்திரம்தான் (எந்திரம் என்பது பக்கத்தின் நிரலைப் படித்துத் திரையில் வரையும் உள்பகுதி). ஆண்ட்ராய்டில் நிலைமை வேறு: குரோமின் எந்திரமும் ஃபயர்ஃபாக்ஸின் எந்திரமும் முற்றிலும் வெவ்வேறானவை. ஒன்றில் விழும் பக்கம் மற்றொன்றில் நிற்க வாய்ப்பு உண்டு என்பதால் அங்கே அது நல்ல சோதனை.

கேள்வி: தேடல் பெட்டியைத் தொட்டவுடன் உலாவி மூடிக்கொள்கிறது. படிப்பதில் தொல்லை எதுவும் இல்லை.

விசைப்பலகையைச் சந்தேகியுங்கள். ஆண்ட்ராய்டில் அது தனியொரு செயலி. உலாவி அதை வரவழைக்கும் நேரத்தில்தான் விழுகிறது என்றால் வேறொரு விசைப்பலகைக்கு மாற்றிப் பாருங்கள், அல்லது இருப்பதைப் புதுப்பியுங்கள். கடவுச்சொற்களைத் தானாக நிரப்பும் செயலி இருந்தால் அதையும் சிறிது நேரம் அணைத்து வையுங்கள். முகவரிப் பட்டையில் மட்டும் இது நிகழ்ந்தால் தேடல் பரிந்துரைகளை நிறுத்திப் பார்க்கலாம். 2016 ஜனவரி இறுதியில் ஐபோன்களிலும் ஐபேடுகளிலும் முகவரிப் பட்டையைத் தொட்டதும் சஃபாரி விழுந்த நிகழ்வில், பரிந்துரைகளை அணைத்தவர்கள் உடனே மீண்டார்கள். கோளாறு அவர்கள் கையிலிருந்த சாதனத்தில் இல்லை, பரிந்துரைகளை அனுப்பிய பக்கத்தில் இருந்தது.

கேள்வி: நேற்றுவரை நன்றாக இருந்தது. இன்று உலாவி மட்டுமல்லாமல் மின்னஞ்சல் உட்படப் பல செயலிகளும் திறந்தவுடன் மூடிக்கொள்கின்றன. டேப்லெட் பழுதாகிவிட்டதா?

ஒரே நாளில் பல செயலிகள் சேர்ந்து விழுந்தால், அவற்றுக்குப் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும். ஆண்ட்ராய்டில் அது பெரும்பாலும் 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ' என்ற உறுப்பு. தமக்குள்ளேயே இணையப் பக்கத்தைக் காட்டும் செயலிகள் எல்லாம் அதைத்தான் நம்பியிருக்கின்றன. 2021 மார்ச் 22 அன்று தொடங்கி உலகெங்கும் ஜிமெயில் உள்ளிட்ட செயலிகள் விழுந்ததற்கும் இதில் ஏற்பட்ட கோளாறுதான் காரணம். அப்போது வெப்வியூவின் புதுப்பிப்புகளை நீக்கியவர்கள் தற்காலிகமாகத் தப்பினார்கள். பிறகு வெப்வியூவுக்கும் குரோமுக்கும் வந்த புதிய பதிப்புகள் சிக்கலைத் தீர்த்தன. நீங்களும் பிளே ஸ்டோரில் இவ்விரண்டுக்கும் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் மட்டும், வெப்வியூவின் புதுப்பிப்புகளை நீக்கிப் பழைய பதிப்போடு ஓரிரு நாள் காத்திருங்கள். அதை நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்ளாதீர்கள், ஏனெனில் பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டைகள் இருக்கும். சேமிப்பகம் விளிம்பு வரை நிரம்பியிருந்தாலும் இப்படிப் பல செயலிகள் ஒருசேரத் தடுமாறும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: உலாவியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவும்படி எல்லோரும் சொல்கிறார்கள். செய்யலாமா?

செய்யலாம், கடைசியாக. அதற்கு முன் ஆண்ட்ராய்டில் 'கேச் அழி', 'தரவை அழி' என்று அருகருகே நிற்கும் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். முதலாவது தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்கும். அதனால் இழப்பு இல்லை, சில நாள்களுக்குப் பக்கங்கள் சற்று மெதுவாகத் திறக்கும், அவ்வளவே. இரண்டாவது உலாவியை நிறுவிய அன்றைய நிலைக்குக் கொண்டு போய்விடும்: திறந்திருந்த தாவல்களும், உள்நுழைந்திருந்த தளங்களும், கணக்குடன் ஒத்திசைக்கப்படாத புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் போய்விடும். ஒத்திசைவு இயங்குகிறதா என்று வேறொரு சாதனத்தில் பார்த்து உறுதிசெய்யாமல் அதைத் தொடாதீர்கள். சஃபாரியில் வரலாற்றை அழிப்பவர்கள், ஐகிளவுட் ஒத்திசைவு இருந்தால் அதே கணக்கிலுள்ள மற்ற சாதனங்களிலும் வரலாறு அழியும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மறுபடி நிறுவத் துணிவதற்கு முன் ஆண்ட்ராய்டில் பாதுகாப்புப் பயன்முறை எனப்படும் சேஃப் மோடில் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். நீங்களாக நிறுவிய செயலிகள் எதுவும் அதில் ஓடாது. அங்கே, டேப்லெட்டோடு வந்த உலாவி விழாமல் நின்றால், குற்றவாளி அதுவன்று. திரையின் மேல் படரும் வடிகட்டி, விளம்பரத் தடுப்பான் போன்ற வேறொன்று. அண்மையில் நிறுவியதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: பத்து ஆண்டுப் பழைய டேப்லெட். புதுப்பிப்புகள் வருவதில்லை. இன்னும் ஏதாவது செய்ய முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஆண்ட்ராய்டு 7க்கான கடைசிக் குரோம் பதிப்பு 119. ஆண்ட்ராய்டு 8, 9 ஆகியவற்றுக்கு 138. ஐபேடில் சஃபாரி இயங்குதளத்தோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படுகிறது என்பதால், 1 ஜிபி ரேமுடன் 2013இல் வந்த முதல் ஐபேட் ஏர், ஐஓஎஸ் 12உடன் நின்றுவிட்டது. பக்கங்களை இயங்க வைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் இன்றைய வடிவம் இந்தப் பழைய எந்திரங்களுக்குப் புரியாதபோது பக்கம் வெறுமையாக வரும், அல்லது பாதியில் நிற்கும். படிப்பதற்கு மட்டும் பயன்படும் தளங்களுக்கு ஜாவாஸ்கிரிப்டையே அணைத்துவிட்டால், பல கட்டுரைகள் வியப்பூட்டும் வேகத்தில் திறக்கும். மெனுக்களும் காணொளிகளும் வேலை செய்யாது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன அந்த உலாவியில் பணப் பரிமாற்றமும் முக்கியமான கணக்குகளின் உள்நுழைவும் மட்டும் கூடாது.

கேள்வி: ஐபேடில் உலாவி நினைவகக் குறைவால்தான் விழுகிறது என்று எப்படி உறுதி செய்வது?

அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் அனலிட்டிக்ஸ் தரவுகள் என்ற பட்டியல் உண்டு. உலாவி விழுந்த நாளில் 'ஜெட்சம்ஈவென்ட்' (JetsamEvent) என்று தொடங்கும் பதிவு அங்கே இருந்து, அதன் நேரமும் பொருந்தினால், நினைவகத்துக்காக ஏதோ ஒன்று நிறுத்தப்பட்டிருக்கிறது. அந்தப் பதிவைத் திறந்தால் எந்தச் செயல்முறை எவ்வளவு பிடித்திருந்தது என்பதும் தெரியும். உலாவியின் பெயரிலேயே தனிப்பதிவு இருந்தால் அது பெரும்பாலும் நிரலில் உள்ள பிழை. தாவல்களை மூடிப் பயனில்லை, அடுத்த புதுப்பிப்பைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.