பம்ப் அறைச் சுவர்

வணக்கம் ஐயா,

கல்லடியில் கடற்கரைப் பக்கம் இருக்கும் ஒரு நாலு மாடிக் கட்டடத்தில் 17 வருடமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். போன வருடம் கம்பஸ் பிள்ளை ஒருவர் வினாக்கொத்தோடு வந்தார். ‘வசதிகள் முகாமைத்துவம்’, அதாவது கட்டடங்களைப் பராமரித்து நடத்துவது பற்றிய ஆய்வாம். 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து பெட்டி. புள்ளடி போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு ஆளையும் காணோம், ஆய்வையும் காணோம். இப்போது இன்னொருவர் வருகிறாராம். பைப் மாற்றுகிற எனக்கு இதனால் என்ன கிடைக்கும்? இதையும் நிரப்பத்தான் வேண்டுமா?

— பெயர் வேண்டாம், கல்லடி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ‘திருப்தி’ என்ற பெட்டிக்கும் ‘மிகவும் திருப்தி’ என்ற பெட்டிக்கும் நடுவில் ஒழுகுகிற வால்வு எங்கே இருக்கிறது? ஆய்வை ஆங்கிலத்தில் எழுதி முடித்ததும் மட்டை கட்டி நூலகத்தில் அடுக்கிவிடுகிறார்கள். பைப் மாற்றுகிறவர் அதை எப்போது படிப்பது?

சரி, அதற்காக ஆய்வே வீண் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. 1984இல் ரோஜர் உல்ரிச் என்பவர் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரி. பித்தப்பை சத்திரசிகிச்சை செய்துகொண்ட 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். வயது, பால் என்று அவர்களோடு ஒத்துப்போகும் இன்னொரு 23 பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீட்டுக்குப் போனார்கள். சுவர் பார்த்தவர்களுக்கு 8.70 நாள். கடுமையான வலி மருந்தும் மரம் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

எனக்கு அதில் பிடித்தது வேறு. உல்ரிச் யாரிடமும் வினாக்கொத்தை நீட்டவில்லை. 1972 முதல் 1981 வரையான பழைய பதிவேடுகளைப் புரட்டினார். நோயாளி அழுகிறார், தெம்பு சொல்ல வேண்டியிருக்கிறது என்று தாதிமார் அன்றன்றைக்கு எழுதிவைத்த குறிப்புகளையும் எண்ணினார். எந்த ஆய்வையும் மனதில் வைத்து அவர்கள் அதை எழுதியிருக்க மாட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையிலும் இதே கதைதான். நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்த விமானங்களை இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கழற்றிச் சோதிப்பார்கள். வாடிங்டன் என்ற உயிரியலாளரின் குழு பழுதுப் பதிவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், சோதனை முடிந்த கையோடுதான் பழுது கூடியிருக்கிறது! நன்றாக ஓடுவதைக் கழற்றிப் பூட்டியதே வினையாகியிருக்கிறது. சர்வீஸ் செய்த மறுநாளே ஸ்டார்ட் ஆகாத ஜெனரேட்டரை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான் கொஞ்சக் காலம் வேலை பார்த்த ஒரு கந்தோரில் வயதான பராமரிப்பாளர் ஒருவர் இருந்தார். பம்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, “இன்னும் ரெண்டு கிழமை தாங்கும்” என்பார். தாங்கும். எப்படித் தெரியும் என்று கேட்டால் பம்ப் அறைக் கதவை இழுத்துச் சாத்தி, பின்னால் இருக்கும் சுவரைக் காட்டுவார். தச்சுப் பென்சிலால் திகதி திகதியாக எழுதியிருக்கும்: பெயரிங் மாற்றியது, வாஷர் மாற்றியது, வயர் முனை பச்சை பூத்தது. பத்து வருடக் கணக்கு. அவர் பென்சன் போன அடுத்த மாதம், யாரோ பெரியவர் வருகிறார் என்று கட்டடம் முழுக்கப் பெயின்ட் அடித்தார்கள். அந்தச் சுவருக்கும் இரண்டு பூச்சு. பெயின்ட் பில்லில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். ஆறு மாதத்தில் மோட்டர் எரிந்தபோது, புதிதாக வந்த பையனைத்தான் எல்லோரும் ஏசினோம்.

கல்லடி உப்புக் காற்றில் ஓர் இரும்புப் பைப் எத்தனை வருடம் தாங்கும் என்று பென்சில்வேனியாக்காரர் கண்டுபிடித்துத் தர மாட்டார்கள். கச்சான் காற்றுக் காலத்தில் எது பழுதாகிறது, மாரியில் எது பழுதாகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வசதிகள் முகாமைத்துவத்துக்கென்று பட்டப்படிப்பே இருக்கிறது. நம் பக்கத்து வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களிலும் முகாமைத்துவம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கணக்குப் பார்க்க அவர்களுக்குத் தெரியும், பார்ப்பதற்குக் கணக்குத்தான் இல்லை. அதனால்தான் புள்ளடி கேட்டு அலைகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கள். என்றைக்கு, எந்த இடத்தில், என்ன பழுது, எதை மாற்றினீர்கள், எவ்வளவு முடிந்தது என்று எழுதுங்கள். ‘திருத்தப்பட்டது’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

அந்தப் பிள்ளை வந்தால் ஒரு பிளேன்டீ கொடுத்து, முதலில் பம்ப் அறைக்குக் கூட்டிப் போங்கள். கொப்பியைக் கையில் கொடுங்கள். புள்ளடியெல்லாம் மறுகா போடலாம்.