கை சை பங்களாவும் அக்கா பையனும்

கடிதம்:

சார் வணக்கம். அக்கா பையன் அமெரிக்கால கார்னெல் யூனிவர்சிட்டில முதல் வருஷம். கை சைன்னு ஒரு ஃப்ரெட்டர்னிட்டில, அதாவது பசங்க மாணவர் சங்கத்துல சேரப் போறேன், அவங்களுக்குன்னு பழைய பெரிய வீடு இருக்கு, அதுலயே தங்கிக்கலாம்னு குதிக்கிறான். அக்காவுக்கு தூக்கமே போச்சு. இது ஹாஸ்டலா, கிளப்பா, ராகிங் கும்பலா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்:

வணக்கம் சார். மூணும்தான், எது எவ்ளோங்கிறது வருஷத்துக்கு வருஷம் மாறும்.

கார்னெல் 1868-ல வகுப்பு ஆரம்பிச்சப்ப முதல் பிரசிடென்ட் ஒயிட்டுக்கு ஹாஸ்டல் கட்டுறதுல பெருசா இஷ்டம் இல்ல, பசங்களே சேர்ந்து வீடு பிடிச்சு தங்கினா காலேஜுக்கு செலவும் மிச்சம் தலைவலியும் மிச்சம். கை சை அங்க 1869-லயே வந்துடுச்சு. அதனால இது ஏதோ பசங்க விளையாட்டுன்னு நினைக்காதீங்க, காலேஜ் தெரிஞ்சே கைகழுவின வேலை இது.

வீட்டுக் கதை தனி. ஜென்னி மெக்ராங்கிற மர வியாபாரி பொண்ணு, காலேஜ் திறந்தப்ப ஒன்பது கோபுர மணிகள் வாங்கிக் கொடுத்தவங்க, அந்த மணி கோபுரம் இன்னிக்கும் அடிக்குது. 1880-ல காலேஜ் லைப்ரரியன் ஃபிஸ்கேவை கல்யாணம் பண்ணாங்க, ஏரியைப் பாத்த மாதிரி மலைச்சரிவுல அவங்களுக்குன்னு ஒரு மாளிகை எழும்பிட்டு இருந்துச்சு, ஆனா அதுல வாழாமலே 1881-ல காசநோய்ல போய்ச் சேர்ந்துட்டாங்க. சொத்துல பெரும்பங்கை காலேஜுக்கு எழுதிவெச்சாங்க. ஆனா காலேஜ் சாசனத்துல முப்பது லட்சம் டாலருக்கு மேல சொத்து வெச்சுக்கக் கூடாதுன்னு இருந்ததை வெச்சு புருஷன் கேஸ் போட்டு, 1890-ல சுப்ரீம் கோர்ட் வரை போய் ஜெயிச்சுட்டார். (நம்ம ஊர் சொத்துத் தகராறெல்லாம் இதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல.) ஆளில்லாம கிடந்த அந்த மாளிகையை 1896-ல கை சை பசங்க வாங்கினாங்க.

பத்து வருஷம்தான். 1906 டிசம்பர் 7 விடியறதுக்கு முன்னால தீ, எல்லாரும் தூக்கத்துல. நாலு மாணவர்கள் செத்தாங்க. அணைக்க ஓடிவந்த ஊர்க்காரங்கள்ல மூணு பேர், சம்பளம் இல்லாம தீயணைப்பு பாத்தவங்க, சுவர் இடிஞ்சு விழுந்து செத்தாங்க. அதே இடத்துல திரும்பக் கட்டினதுதான் இப்ப இருக்கிறது, அவங்க அதை லாட்ஜ்னு சொல்வாங்க. நம்ம ஊர் லாட்ஜ் இல்ல, அக்காகிட்ட சொல்லிடுங்க.

அந்தத் தீக்கு மூணு நாள் முன்னால, டிசம்பர் 4, கார்னெல் இருக்கிற அதே இத்தாகா ஊர்ல ஏழு கறுப்பின மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபான்னு தங்களுக்குன்னு ஒரு ஃப்ரெட்டர்னிட்டியை ஆரம்பிச்சாங்க. வெள்ளைக்காரப் பசங்க ஹவுஸ் (ஃப்ரெட்டர்னிட்டியை அப்படியும் சொல்வாங்க) எதுவும் அவங்களைச் சேர்க்கல. மாளிகை எதுவும் கிடையாது, வீடுகள்ல கூடித்தான் நடத்தினாங்க, பின்னாடி மார்ட்டின் லூதர் கிங் சேர்ந்தது அதுலதான். என்னைக் கேட்டா இத்தாகாவுல பாக்க வேண்டிய ஃப்ரெட்டர்னிட்டி சரித்திரம் அதுதான், ஆனா டூரிஸ்ட் போட்டோ எடுக்கிறது மாளிகையைத்தான்.

சரி, ராகிங். 1873-லயே கப்பா ஆல்ஃபாங்கிற இன்னொரு சங்கத்துல சேர்ப்புச் சடங்குன்னு ராத்திரி இருட்டுல கூட்டிட்டுப் போய் ஒரு பையன் மலைவிளிம்புல இருந்து விழுந்து செத்தான். 2019-ல வேற ஒரு ஹவுஸ் பார்ட்டிக்குப் போன முதல் வருஷப் பையன் உடம்பு அங்க இருக்கிற பள்ளத்தாக்குல கிடைச்சுது. ஊரே பள்ளத்தாக்கு மேலதான் உக்காந்திருக்கு, அதோட குடியும் சேர்ந்தா என்ன ஆகும்.

அக்கா பயம் நியாயம்தான், ஆனா வேணாம்னு ஒத்தை வார்த்தைல சொன்னா பையன் கேக்க மாட்டான். எந்த ஹவுஸ் ராகிங்ல மாட்டுச்சு, என்ன பண்ணாங்க, என்ன தண்டனைங்கிறதை கார்னெல்லே வெப்சைட்ல போட்டு வெச்சிருக்கு, அவனையே உக்கார்ந்து படிக்கச் சொல்லுங்க, கை சை பேரைத் தேடச் சொல்லுங்க. அப்புறம் அங்க தங்குறதுக்கு மாசம் என்ன ஆகும், சந்தா தனியான்னு கணக்கு கேளுங்க, பாதி பேர் அந்த இடத்துலயே அமைதியாயிடுவாங்க.