நனைந்த புடவை

கேள்வி: எனக்கு வயது 36. ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கணவர் நல்லவர்தான், கோபம் வந்தால் மட்டும் கை நீளும். சில மாதங்களாக எனக்கு மறதி அதிகமாகிவிட்டது. பாலை அடுப்பில் வைத்ததையே மறந்துவிடுகிறேன். அதனால்தான் அவருக்குக் கோபம் வருகிறது. தலைவலி, தூக்கமின்மையும் உண்டு. ஆடியில் ஒருநாள் கழுத்தைப் பிடித்துவிட்டார். மயங்கிவிட்டேன். மகள்தான் எழுப்பினாள். புடவை நனைந்திருந்தது, வெட்கத்தோடு அலசிப் போட்டேன். காயம் எதுவும் இல்லை. அம்மா, 'பெண்பிள்ளை இருக்கிறாள், பொறுத்துப் போ' என்கிறார். மறதி நீங்க வழி சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: மகளே, உன் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் பால் பொங்கிய கதை. புடவை நனைந்ததற்கு ஒரே ஒரு வரி. வல்லாரைக் கீரை சாப்பிடு என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பாய். எழுதப்போவதில்லை.

கழுத்தை இறுக்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் தடைபடுகிறது. பத்து நொடிக்குள் நினைவு தப்பிவிடலாம். அப்போதும் பிடி தளராவிட்டால் சிறுநீர் தானாகப் பிரிந்துவிடும். சாவின் வாசல்வரை போய் மீண்டிருக்கிறாய். அதைப் போய் வெட்கம் என்று எழுதுகிறாயே! 'பிடித்துவிட்டார்' என்று வேறு. குழந்தையின் கையைப் பிடிக்கலாம், ஓடிப்போய் பஸ்ஸைப் பிடிக்கலாம். அவன் செய்ததற்குப் பெயர் நெரிப்பது.

காயம் இல்லை என்கிறாய். நெரிக்கப்பட்ட பலருக்குத் தோலில் ஒரு கீறல்கூடத் தெரியாது. உள்ளே கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து, நாட்களோ வாரங்களோ கழித்துப் பக்கவாதமாக வருவதும் உண்டு. மூளைக்குக் காற்று போகாத அந்தச் சில நொடிகளே மறதியையும் தலைவலியையும் தூக்கமின்மையையும் விட்டுச் செல்லலாம். உனக்கு அதுதானா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீ கணக்கைத் தலைகீழாகப் போட்டு வைத்திருக்கிறாய். மறதியால் அடி விழுகிறது என்கிறாய். அடியால் வந்த மறதியாக இருந்தால்?

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். ஒருமுறை கழுத்தை நெரித்த துணைவனின் கையாலேயே பின்னாளில் அந்தப் பெண் கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்கு என்று 2008இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது.

குடும்பம் பிரியக் கூடாது என்று நினைக்கிறவள் நான். மாமியார் சண்டை, நாத்தனார் சண்டை என்று எழுதிய எத்தனையோ பேரை 'போய்ச் சமாதானமாகு' என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதற்காக வாசகிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். உன்னை அப்படி அனுப்ப மாட்டேன். உன் அம்மா மேல்தான் எனக்குக் கோபம். சீர் செய்வதோடு பிறந்த வீட்டின் கடமை முடிந்துவிடாது. மகள் நள்ளிரவில் வந்து கதவைத் தட்டினாலும் திறக்க வேண்டும். பெண்பிள்ளை இருக்கிறாள் என்கிறாரே, அந்தப் பெண்பிள்ளைதானே உன்னை உலுக்கி எழுப்பினாள்?

நாளையே அரசு மருத்துவமனைக்குப் போ. போகிறேன் என்று அவனிடம் சொல்லிக்கொண்டு நிற்காதே; வீட்டை விட்டு விலகப்போவது தெரியவரும் நேரம்தான் இப்படிப்பட்டவர்கள் மிகவும் ஆபத்தானவர்கள். டாக்டரிடம் மறதி, தலைவலி என்று ஆரம்பிக்காதே. 'கணவர் கழுத்தை நெரித்தார், நினைவு தப்பியது, சிறுநீர் பிரிந்தது' என்று இதே வரிசையில் சொல். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிடாதே. ஏ.ஆர். பதிவு, அதாவது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் பதிவு, போடச் சொல்லிக் கேள். பிறகு வழக்கு என்று போனால் அந்தக் காகிதம் பேசும்.

பெண்களுக்கான உதவி எண் 181க்குப் போன் செய். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்கும் உரிமை உனக்கு உண்டு. அவன் உன்னை நெருங்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவும் கேட்கலாம்.

மருத்துவமனைக்கு மகளையும் அழைத்துப் போ. பள்ளிக்கு ஒருநாள் விடுப்பு எடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. நீ எவ்வளவு நேரம் நினைவில்லாமல் கிடந்தாய் என்று டாக்டர் கேட்பார். அது உனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.