20 வருட அனுபவமுள்ள ஆசிரியருக்கு, பி.எட். மாணவர்களை வழிநடத்தத் தனியாகப் பயிற்சி எதற்கு?

கட்டாயம் வேண்டும் என்பேன். நான் காரைக்குடிப் பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். கல்வி வள்ளல் அழகப்பச் செட்டியார் காலத்திலிருந்தே ஆசிரியர் பயிற்சிக்குப் பேர்போன வட்டாரம் இது. பயிற்சி மாணவர்கள் வராத வருடமே எங்களுக்குக் கிடையாது. இந்தக் கேள்வியை எங்கள் ஸ்டாஃப் ரூமிலும் கேட்கிறார்கள், கொஞ்சம் கோபமாகவே.

வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு எந்தப் பதம் என்று எங்கள் ஆச்சியைக் கேட்டால், "கரண்டியில எடுத்தாத் தெரியும்டா" என்பார். அவருக்குத் தெரியும், நமக்கு? அனுபவமுள்ள ஆசிரியரும் அப்படித்தான். கடைசி பெஞ்சில் சலசலப்பு கிளம்பும் முன்பே அங்கே போய் நின்றுவிடுவார். ஏன் போனீர்கள் என்றால் அவருக்கே சொல்ல வராது. ஓரமாக உட்கார்ந்திருக்கும் பயிற்சி மாணவர் கண்ணில் அது படவே படாது.

முன்பு பி.எட். ஒரே வருடம். ஆசிரியர் கல்விக்கான தேசிய கவுன்சிலான என்.சி.டி.இ.யின் 2014 விதிமுறைகளால் இரண்டு வருடமானது; பள்ளியில் இருக்கவேண்டிய காலமும் 20 வாரமானது. அதில் 16 வாரம் இரண்டாம் வருடத்தில். இவ்வளவு நாள் கூடவே இருப்பவருக்குக் கைடு டீச்சர், அதாவது பள்ளியில் அவரை வழிநடத்தும் ஆசிரியர், பெரும்பாலும் செய்வது என்ன? பாடக்குறிப்பில் கையெழுத்து. அப்புறம், யாராவது லீவு என்றால் அந்த வகுப்புக்கு அனுப்புவது. மாணவர் விவரங்களை ஆன்லைனில் ஏற்றும் எமிஸ் வேலை பாக்கியிருந்தால் அதுவும் அவர்கள் தலையில்தான்.

கைடு டீச்சர்களுக்கான பயிற்சியில் முதலில் பழக்கவேண்டியது, வகுப்பைப் பார்க்க. ஒரு பாடத்தை வீடியோவில் போட்டு, கண்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். திணறிப்போவார்கள். "நன்றாக நடத்தினார்", "குரல் போதாது" என்றுதான் பேனா ஓடும். இதெல்லாம் தீர்ப்பு. "ஒளி எதிரொளிப்பு பற்றிய எல்லாக் கேள்விக்கும் முன்வரிசைப் பிள்ளைகளே பதில் சொன்னார்கள்" என்று எழுதினால்தான் பயிற்சி மாணவருக்குப் பிடி கிடைக்கும். கேள்வி கேட்டபின் எத்தனை நொடி காத்திருந்தார் என்பதையும் குறிக்கலாம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் இதை அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள். மூன்று நொடி பொறுத்தாலே பிள்ளைகளின் பதில்கள் நீள்கின்றன, பதிலே வராமல் போவது குறைகிறது.

அடுத்தது பேச்சு. மணி அடித்ததும் தப்புகளை அடுக்குவது நம் வழக்கம், அதுவும் பிள்ளைகள் காதுபட. மோரிஸ் கோகன் முதலான கல்வியாளர்கள் ஹார்வர்டில் வளர்த்த முறையில் பேச்சு வகுப்புக்கு முன்பே தொடங்கிவிடும்: "இன்னிக்கு நான் எதைப் பார்க்கணும், தம்பி?" முடிந்தபின் குறிப்பை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, "'புரிஞ்சுதா'ன்னு கேட்டீங்களே, யார் யார் தலையாட்டினாங்க?" என்று கேட்டால் போதும். மீதியை அவரே சொல்லுவார். இதை ஆசிரியர்கள் தங்களுக்குள் நடித்துப் பழகவேண்டும். ஒருநாள் கருத்தரங்கில் பவர்பாயிண்ட் போட்டு வராது.

சரி, பயிற்சி கொடுத்தாயிற்று. உட்கார்ந்து பேச நேரம்? கைடு டீச்சருக்கு வாரம் இரண்டு பீரியடாவது எச்.எம். குறைத்துக் கொடுக்கவேண்டும். ஆளைப் பிடிக்கும்போதும் சீனியாரிட்டி பார்க்கவேண்டாம். தன் வகுப்பில் இன்னொரு ஆசிரியர் வந்து உட்கார்ந்தால் முகம் சுளிக்காதவராகப் பாருங்கள். எட்டு வருட சர்வீஸ் என்றாலும் பரவாயில்லை.